லென்ஸ் பொறுக்கிகள்

வெளிநாடு சுற்றிப் பார்க்கக் கிளம்பும் மனிதர்களில் லென்ஸ் பொறுக்கி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். விமான நிலையத்தில் துணிமணிப் பெட்டியை யார் எங்கே தூக்கி எறிந்தாலும் கவலைப்படாமல், தோளில் தொங்கும் கறுப்புப் பையை மட்டும் நிறைமாத வயிற்றைத் தாங்குவது போல இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நிற்பாரே, அவர்தான். உலகப் புகழ் பெற்ற கோபுரத்தின் முன்னால் எல்லாரும் அண்ணாந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும் நேரத்தில், தான் மட்டும் தரையில் குத்துக்காலிட்டு, வாயில் ஒரு மூடியும் கக்கத்தில் ஒரு மூடியுமாக எதையோ திருகிக்கொண்டிருப்பாரே, அவரேதான். கொஞ்சம் தள்ளி, கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு, இந்த ஆளுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல ஒரு பெண்மணி நிற்பார். அது அவர் மனைவி.

லென்ஸ் பொறுக்கியின் வாயில் அடிக்கடி வரும் வசனம், “இருக்கட்டும், தேவைப்படும்.” அதற்கு அடுத்தபடி, “ஒரு நிமிஷம், வெளிச்சம் வரட்டும்.” இந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில் ஒரு குடும்பம் பசியோடு நின்றுகொண்டிருக்கும்.

இவ்வளவு விவரம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் சவரம் செய்யும்போது அவரைத்தானே பார்க்கிறேன்.

என் பெயர் ராய் கங்காஸ். மின்னசோட்டாவில் ஈலி என்கிற ஊரின் பள்ளிக்கூடத்தில் மரவேலை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வருஷத்தில் பாதி நாள் ஏரி உறைந்து கிடக்கும். மீதிப் பாதி கொசு. இந்த ஊரில் ஒருவன் ஓய்வு பெற்றால் ஒன்று மீன் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கேமரா பிடிக்க வேண்டும். எனக்கு மீன் வாடை ஒத்துக்கொள்ளாது.

என் மனைவி ஃப்ரான்சி தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ஸ்டாம்பு விற்றவள். அவளும் வேலையை விட்ட அந்த இலையுதிர் காலத்தில், “ராய், நான் ஸ்லோவேனியாவுக்குப் போகணும். நீயும் வர்றதா இருந்தா வா” என்றாள். அவளுடைய அப்பா ஸ்டாங்கோ அந்த நாட்டில் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, புதிதாக வந்த ஆட்சிக்குப் பயந்து இளவயதில் தப்பி வந்து, எங்கள் பக்கத்து இரும்புச் சுரங்கத்தில் இறங்கி, திரும்பிப் போகாமலே கண்ணை மூடினார். அவர் பிறந்த வீடு அங்கே இன்னும் இருக்கிறது. அவருடைய தம்பி யோஜெ அதே வீட்டில்தான் இருக்கிறார். தொண்ணூறு வயது. சித்தப்பாவை ஃப்ரான்சி ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை.

அவளுக்கு ஓர் அண்ணன், லூயி. அவரும் சுரங்கத்தில் வேலை பார்த்து, நுரையீரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். இப்போது முதியோர் இல்லத்தில் ஜன்னலோர நாற்காலியும் மூக்கில் குழாயுமாக இருக்கிறார். விமானம் ஏற முடியாது. நாங்கள் போகப்போகிறோம் என்றதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“மாப்ளே, எனக்கு சாக்லேட்டு வேணாம், சொக்கா வேணாம். ஒரே ஒரு படம் வேணும். அந்த வீட்டு வாசப்படியில நம்ம ஃப்ரான்சி நிக்கணும், பக்கத்துல சித்தப்பா நிக்கணும். அந்த வாசல்லேர்ந்துதான் அப்பா கிளம்பி வந்தாரு. நம்ம ஆளு ஒருத்தராவது திரும்பிப் போயி அதுல நின்னோம்னு நான் பார்க்கணும்.”

“கவலைய விடு மச்சான். சுவர் அளவுக்குப் போட்டுத் தரேன்.”

“சுவரெல்லாம் எதுக்குய்யா? கண்ணு மங்கிப்போச்சு, கொஞ்சம் பெருசா இருந்தாப் போதும்.”

ஒரு வாசல். இரண்டு பேர். இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது? சாதாரண மனிதனாக இருந்தால், “சரி மச்சான்” என்று சொல்லி வீட்டுக்கு வந்து ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பான். நான் காரில் ஏறியதும் ஃப்ரான்சியிடம் கேட்ட முதல் கேள்வி: “அந்த வாசல் எத்தனை அடி அகலம் இருக்கும்?”

அன்றைக்கு ஆரம்பித்தது. எங்கள் சாப்பாட்டு மேஜை அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டைப் பார்க்கவில்லை. அதன் மேல் என் லென்ஸ்கள் எல்லாம், பஞ்சாயத்துக்கு வந்தவர்கள் போல வரிசையாக நின்றன. ஊரையே ஒரு சட்டத்துக்குள் அடக்கும் குட்டையான ஒன்று. ‘குட்டி’ என்று அதற்குப் பெயர். தூரத்து மலை மேல் நிற்கும் ஆட்டின் கண் இமையைக் காட்டும் நீளமான ஒன்று. அதற்கு ‘பீரங்கி’ என்று ஃப்ரான்சி பெயர் வைத்தாள். இரண்டுக்கும் நடுவில், முன்னேயும் போகாது பின்னேயும் வராது, ஒரே தூரத்துக்கு என்று பிறந்த அழகி ஒருத்தி. கடைசியாக, கேமராவோடு இலவசமாக ஒட்டிக்கொண்டு வந்த சாதாரண ஜூம் லென்ஸ். கொஞ்சம் அகலமும் பார்க்கும், கொஞ்சம் தூரமும் பார்க்கும். கல்யாண வீட்டில் எல்லா வேலையும் செய்கிற, ஆனால் யாரும் பேர் கூட விசாரிக்காத உறவுக்காரன் மாதிரி.

நாங்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சோஃபாவில் சாப்பிட்டோம். மாவு நிறுக்கும் தராசில் நான் லென்ஸ்களை நிறுத்தேன். எதை எடுத்தாலும் பாரம், எதை விட்டாலும் பயம். விறகு அடுக்கின் மேல் சூப் டப்பாக்களை வைத்து, உறைபனியில் கை விறைக்க, ஒவ்வொரு லென்ஸிலும் படம் பிடித்து, டப்பாவின் மேல் இருக்கும் பொடி எழுத்து எதில் நன்றாகத் தெரிகிறது என்று கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்லோவேனியாவில் சூப் டப்பா இருக்குமா, அதன் பொடி எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்றெல்லாம் என் இனத்தாரிடம் கேட்கக்கூடாது.

வலைத்தளம் ஒன்றில் முகம் தெரியாத நிபுணர்களிடமும் யோசனை கேட்டேன். மனைவியோடு சுற்றுலா போகிறேன், பாரம் அதிகமாக இருக்கிறது, எதை வீட்டில் விட்டுப் போகலாம் என்று. பீரங்கியை விட்டுவிடுங்கள் என்றார் ஒருவர். குட்டியை விடுங்கள் என்றார் இன்னொருவர். மனைவியை விட்டுவிடுங்கள் என்றார் மூன்றாமவர். அவருக்குத்தான் நிறையப் பேர் கைதட்டியிருந்தார்கள்.

எங்கள் கேமரா சங்கம் கூடுவது லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். காப்பியும் பிஸ்கட்டும் அங்கே இலவசம், அபிப்பிராயமும் இலவசம். வெர்ன் ஹாகன் சங்கத்தின் மூத்த ஞானி. மின்கம்பத்தில் ஏறி இறங்கிய காலம் போக மீதிக் காலமெல்லாம் லென்ஸைப் பற்றியே சிந்தித்தவர். என் கவலையைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“யோவ் ராய், உலகம் பூரா சுத்தினாலும் ஒரே ஒரு லென்ஸ் போதும்யா. ஆண்டவன் கால் குடுத்திருக்கான்ல? பெருசா வேணும்னா கிட்டப் போ. சின்னதா வேணும்னா தள்ளி நில்லு. உன் கால்தான்யா ஜூம்.”

“நீ எந்த ஊருக்கெல்லாம் போயிருக்கே வெர்ன்?”

“டுலூத்.”

டுலூத் எங்கள் ஊரிலிருந்து காரில் காப்பி ஆறுவதற்குள் போய்விடலாம் என்று சொல்லமாட்டேன். இரண்டாவது காப்பி ஆறுவதற்குள் போய்விடலாம்.

“சரி, அங்க மலையில கழுகு கிழுகு பறந்து வந்தா?” என்றேன்.

வெர்ன் கண்ணைத் திறந்தார். முகத்தில் ஒரு கலவரம். “கழுகா? கழுகு வருமா? அப்ப பீரங்கி இல்லாம போயிடாதய்யா!”

முழுப் பாரத்தையும் சுமந்து பழக வேண்டாமா? குளிர்காலக் கடைசியில் தினமும் பையை முதுகில் ஏற்றி, கேமரா முக்காலியைப் பக்கவாட்டில் கட்டி, ஏரிக்கரைச் சாலையில் நடந்தேன். பக்கத்து வீட்டு டார்லா ஒருநாள் தன் பிக்கப் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

“என்ன ராய், ஃப்ரான்சி வீட்டை விட்டுத் துரத்திட்டாளா? ஏறு வண்டில. எங்க கேரேஜ்ல ஒரு கட்டில் சும்மாத்தான் கிடக்கு.”

“இல்ல டார்லா, லீவுக்குப் போறதுக்கு ஒத்திகை பார்க்கறேன்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அதுக்குத் துரத்திவிட்டிருந்தாலே தேவலை” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் மாதம் கிளம்பும் நாள் வந்தது. ஃப்ரான்சியின் சாமான் மொத்தமும் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது, சித்தப்பாவுக்குப் பின்னிய ஸ்வெட்டர் உட்பட. என் பையை மூட முடியவில்லை. கடைசி நிமிஷத்தில் தியாகம் செய்தே ஆகவேண்டிய கட்டம். பேர் விசாரிக்கப்படாத உறவுக்காரனை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

“அதை ஏன் எடுத்துட்டே? அது நல்லாத்தானே எடுக்குது. என் பொறந்தநாள் படமெல்லாம் அதுலதானே எடுத்தே?” என்றாள் ஃப்ரான்சி.

“அது சாதா லென்ஸ், ஃப்ரான்சி.”

“நானும் சாதாதான் ராய்” என்று சொல்லி, தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு காருக்குப் போனாள்.

ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நாட்காட்டியில் பார்த்திருப்பீர்கள். நடு ஏரியில் தீவு, தீவில் மாதா கோவில், பின்னால் மலை. எல்லாரும் எடுத்த படம். எல்லாரும் எடுத்த படத்தை இன்னொரு தடவை எடுப்பதற்காகவா நான் சூப் டப்பாவோடு குளிர்காலத்தைக் கழித்தேன்? எனக்கு வேண்டியது அதிகாலைப் பனிமூட்டத்துக்குள் கோவில் மட்டும் மிதக்கும் படம். கரையில் முக்காலியை ஊன்றினேன். வெயில் பளிச்சென்று அடித்தது. மறுநாளும் ஊன்றினேன். மறுநாளும் பளிச். என் பக்கத்தில் ஒரு ஜெர்மன்காரரும் ஒரு கொரியாக்காரரும் அவரவர் முக்காலிக்குப் பின்னால் அதே பனிமூட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஒருவர் லென்ஸை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம். அதிலேயே எல்லாம் பேசிவிட்டோம்.

இதற்குள் ஃப்ரான்சி ஏரியைச் சுற்றி நடந்து முடித்தாள், தீவுக்குப் படகில் போனாள், அப்பாவிடம் கற்ற வீட்டுப் பேச்சை வைத்துப் படகுக்காரரோடு சினேகமானாள், அந்த ஊர் பாலாடை கேக்கை அவருடைய குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். என்னிடம் வந்து சொன்னது ஒன்றுதான்.

“ராய், ஏரி எங்கயும் ஓடிப்போகாது. சித்தப்பாவுக்குத் தொண்ணூறு வயசு. இன்னிக்குப் போலாமா?”

“நாளைக்குக் கட்டாயம் பனிமூட்டம்னு போட்டிருக்கான் ஃப்ரான்சி. நாளைக்கு ஒரு நாள்.”

மறுநாள் அவள் மறுபடி கேட்டாள், நான் மறுபடி வானிலையைக் காட்டினேன். அதற்கு அடுத்த நாள் அவள் கேட்கவில்லை. சித்தப்பா வீட்டுக்கு ஃபோன் போட்டு, கடைசி நாளன்று வருவதாகச் சொல்லிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்வெட்டரின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கல்யாணமான ஆண்களுக்குத் தெரியும், சண்டை போடும் மனைவி எவ்வளவோ மேல். எனக்கும் தெரிந்தது. ஆனால் பனிமூட்டம் வந்துவிட்டால்?

பனிமூட்டம் வரவில்லை. கடைசி நாள் வாடகைக் காரில் மலைப்பாதை ஏறிக் கிராமத்துக்குப் போனோம். வழியெல்லாம் இரண்டு பக்கமும் பச்சை. நான் பத்து இடத்திலாவது நிறுத்தச் சொல்லியிருப்பேன். வண்டி ஓட்டியது ஃப்ரான்சி.

சித்தப்பா காலையிலிருந்தே தயாராக இருந்திருக்கிறார். கறுப்புக் கோட்டு, சர்ச்சுக்குப் போடும் தொப்பி. தடியை ஊன்றிக்கொண்டு அதே வாசப்படியில் நின்றார். அவருடைய மகன் ஆன்டனும், மருமகள் மோய்ட்சாவும் பின்னால். மோய்ட்சா பக்கத்து ஊர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அவள்தான் எனக்கு மொழிபெயர்ப்பு. ஃப்ரான்சி காரிலிருந்து இறங்கிப் படியருகே போய் நின்றாள். கிழவர் அவள் மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“ஸ்டாங்கோவோட பொண்ணா நீ?”

“ஆமா சித்தப்பா.”

“ஏம்மா இவ்ளோ நேரம்?”

எழுபது எண்பது வருஷத்துக்குச் சேர்த்துக் கேட்டாரோ, அந்த வாரத்துக்கு மட்டும் கேட்டாரோ தெரியாது. இந்தப் பேச்சு என் காதில் விழுந்தது, கண்ணில் விழவில்லை. நான் கார் டிக்கிக்குள் தலையை விட்டு முக்காலியை இழுத்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை பெரிய கேமராவோடு வந்திருக்கிறார் என்றதும் அந்த வீட்டுக்கே பெருமை. ஆன்டன் உள்ளே ஓடிப்போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். சித்தப்பாவுக்கு நாற்காலி போட்டார்கள். வேண்டாம், நின்றுகொண்டுதான் படம் என்று அவர் ஃப்ரான்சியின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாசல், இரண்டு பேர். லூயி கேட்டது அப்படியே என் முன்னால் நின்றது. ஒரே ஒரு விரலை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

நான் குட்டியை மாட்டினேன். அதற்குள் பார்த்தால் சித்தப்பாவின் தொப்பி பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. ஓரத்தில் நின்ற ஆன்டனின் தொந்தி பக்கத்து வீடு வரை போயிருந்தது. இதையா லூயிக்குக் கொடுப்பது? கழற்றினேன். அழகியை மாட்டினேன். அவள் ஒரே தூரத்துக்காரி. அந்தத் தூரத்தில் போய் நின்றால் ஆன்டனின் டிராக்டர் குறுக்கே வந்தது.

“டிராக்டரைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா?” என்றேன்.

ஆன்டன் புதுச் சட்டையோடு ஏறி நகர்த்தினார். அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை தெரிந்தது. அதையும் பொறுக்கலாம், வாசலின் மேல் விளிம்பு வெட்டுப்பட்டது. என் இனத்தான் வாசலை வெட்டமாட்டான். பீரங்கியை எடுத்தேன். பீரங்கிக்குள் சித்தப்பாவின் மூக்கும் பாதி மீசையும் மட்டும் வந்தன. பின்னால் போனேன். இன்னும் பின்னால். குறுகலான தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், கொடி படரவிட்ட கழிகளுக்கு நடுவே அவர்களுடைய பீன்ஸ் பாத்தியில் இறங்கினேன்.

“அந்த மனுஷன் எங்க போறாரு?” என்று சித்தப்பா கேட்டாராம்.

“படம் எடுக்கத்தான் சித்தப்பா.”

“ஆஸ்திரியா எல்லை வந்துடும், பார்த்துப் போகச் சொல்லு.”

பீன்ஸ் கொடி ஒன்று லென்ஸுக்குக் குறுக்கே ஆடியது. அதைக் கட்டிவிட்டு நிமிர்ந்தால் இன்னொன்று ஆடியது. மறுபடி அழகியையே மாட்டலாம், இவ்வளவு தள்ளி வந்தால் வாசல் வெட்டுப்படாது என்று தோன்றியது. பையை மண்ணில் வைத்து, வாயில் ஒரு மூடியைக் கவ்வி, குனிந்து தேட ஆரம்பித்தேன்.

வாசலில் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதை ஃப்ரான்சி எனக்குப் பின்னால் சொன்னாள். என்னைக் காணோம் என்றதும், பொழுது போக வேண்டுமே என்று சித்தப்பா பேச ஆரம்பித்திருக்கிறார். அண்ணன் ஸ்டாங்கோ வீட்டை விட்டுப் போன அன்று, நாய் குரைத்துக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று சின்னப் பையனாக இருந்த சித்தப்பாவின் கையில் நாயைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இதே படியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். நாய் விரலைக் கடித்துவிட்டது. கத்தினால் அண்ணன் மாட்டிக்கொள்வான். கத்தவில்லை. “பாரு, இந்த விரல்தான்” என்று காட்டியிருக்கிறார். தழும்பு இன்னும் இருக்கிறது. “உங்கப்பன் திரும்பிக்கூடப் பார்க்கலம்மா. நாய் கடிச்சது அவனுக்குத் தெரியாமலே போச்சு. நீயாவது தெரிஞ்சுக்கோ” என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். ஃப்ரான்சியும் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு அழுகையாகி, நிறுத்த முடியாமல் விம்ம, கிழவர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டிருக்கிறார்.

நான் நிமிர்ந்தபோது மழை வந்துவிட்டது. மலை மழை, கேட்டுக்கொண்டு வராது. எல்லாரும் உள்ளே ஓடினார்கள். நான் மட்டும் பையின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். பையில் ஒரு சொட்டு நனையவில்லை என்பதை இன்றைக்கும் பெருமையோடு சொல்வேன்.

உள்ளே கொதிக்கக் கொதிக்க மாட்டிறைச்சி சூப்பும், ஃப்ரான்சி வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் சுடுகிற அதே வால்நட் ரொட்டியும் கொடுத்தார்கள். மழை விட்டதும் படம் எடுக்கலாம் என்றிருந்தேன். மழை விட்டது. சித்தப்பா தூங்கிவிட்டார். புது ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு, வாயைத் திறந்து, கணப்புக்குப் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கினார். எழுப்ப வேண்டாம் என்றாள் ஃப்ரான்சி. மறுநாள் காலை எங்களுக்கு விமானம். தூங்குகிறவரின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு அவள் காரில் ஏறினாள்.

மலை இறங்கியதும் கேட்டாள்.

“படம் வந்துச்சா?”

“வாசல் நல்லா வந்திருக்கு.”

“வாசல்ல யாரு?”

கேமராவைத் தட்டிப் பார்த்தேன். “கோழி.”

அவள் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். ரொம்ப தூரம் போன பிறகு, “லூயிகிட்ட நான் எதுவும் சொல்லமாட்டேன். நீயே சொல்லு” என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். ஏரியின் படங்களை எண்ணிக்கொண்டிருந்த விரலை எடுத்துவிட்டு, இருட்டும் வரை சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்தும் லூயியைப் பார்க்கப் போகாமல் இருப்பதற்கு என்னென்ன காரணம் உண்டோ அத்தனையும் கண்டுபிடித்தேன். ஜலதோஷம், கூரை ஒழுகல், கேமரா சங்கத்தில் படம் காட்டுதல். சங்கத்தில் என் கோழியைப் பார்த்துவிட்டு வெர்ன் திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். பிறகு, “இறகு ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுதேய்யா. எந்த லென்ஸ்?” என்றார். என் வாழ்க்கையில் நான் கேட்க ஆசைப்பட்ட பாராட்டு. அதைக் கேட்டதும் பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரான்சி கார் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். போனோம். லூயி சட்டையெல்லாம் மாற்றி, தலை சீவி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வா மாப்ளே. எங்க என் படம்?”

சொன்னேன். டிராக்டர், பூசணிக்காய்த் தொப்பி, பீன்ஸ், மழை, எல்லாவற்றையும். பனிமூட்டத்துக்காக நாட்களைத் தள்ளிப்போட்டதையும் சொன்னேன். லூயி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குழாயில் காற்று போய்வரும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அந்தத் தரை பிளந்து என்னை வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

அப்போதுதான் ஃப்ரான்சி தன் ஃபோனை எடுத்தாள்.

“கண்ணாடியப் போடுண்ணா. மோய்ட்சா அனுப்பியிருக்கா. வந்து ஒரு வாரம் ஆச்சு.”

ஒரு வாரமாகவா? என்னிடம் சொல்லவில்லையே என்று அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முதலில் நான் என் வாயால் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

சமையலறையிலிருந்து தேநீரோடு வந்த மோய்ட்சா, வீட்டுக்குள் இருந்தபடியே ஃபோனில் எடுத்த படம் அது. உள்ளிருந்து பார்க்கும் வாசல். சுற்றிலும் இருட்டு, நடுவில் வெளிச்சச் சட்டம். அதில் பக்கவாட்டில் ஃப்ரான்சி, கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டிக்கொண்டிருக்கிறாள். சித்தப்பா தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைக்குட்டையால் அவள் மூக்கைப் பிடித்திருக்கிறார்.

லூயி ஃபோனைக் கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோனார்.

“ஃப்ரான்சி... அப்பா இப்படித்தானே துடைச்சுவிடுவாரு? கட்டை விரலை வச்சு அமுக்கி? வலிக்கும்லே?”

“இவரும் அப்படித்தாண்ணா. வலிச்சுது.”

நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தைக் கவனமாகப் பார்த்தேன். அப்புறம் லூயி படத்தை விரலால் நகர்த்திப் பெரிதாக்கினார்.

“இது என்னடி? வாசலுக்கு வெளியில, தூரத்துல, செடிக்கு நடுவுல? கன்னுக்குட்டியா?”

ஃப்ரான்சியின் தோள்கள் குலுங்கின.

“நான்தான் மச்சான்” என்றேன். “லென்ஸ் மாத்திக்கிட்டு இருக்கேன்.”

படத்தின் சரியான மையத்தில், வெளிச்சமெல்லாம் வந்து விழும் இடத்தில், என் பின்பக்கம் இருந்தது. லூயி சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, குழாய் மூக்கிலிருந்து நழுவி, நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். ஃப்ரான்சி அவர் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிளெட் ஏரியை விட்ட பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

படத்தைப் பெரிதாகப் போட்டு லூயியின் அறையில் மாட்டியிருக்கிறோம். சுவர் அளவுக்கு என்று நான் சொன்ன வாக்கை ஃப்ரான்சி காப்பாற்றிவிட்டாள். லூயியைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அவர் விளக்கம் சொல்கிறார்: இது எங்க வாசல், இது எங்க சித்தப்பா, இது தங்கச்சி, அது தங்கச்சி வீட்டுக்காரர், முகம் அந்தப் பக்கம் இருக்கு. போன வாரம் டார்லா வந்து பார்த்துவிட்டு, முகம் இருந்தாலும் இவ்வளவு தெளிவாக அடையாளம் தெரிந்திருக்காது என்றாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பெரிதாக்கியதில் இருட்டுப் பக்கம் மணல் மணலாகத் தெரிகிறது. ஓரங்களில் கூர்மை போதாது. ஃபோனில் எடுத்தால் அப்படித்தான். இதை லூயியிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஃப்ரான்சி என் காலை மிதித்தாள். அடுத்த வருஷம் போர்ச்சுகல் போகலாம் என்கிறாள். சாப்பாட்டு மேஜையைக் காலி செய்தாகிவிட்டது.

சிரித்தீர்களா? சிரியுங்கள். கேமராவையே தொட்டதில்லை, இந்த வியாதி எனக்கு இல்லை என்கிறீர்களா? மகிழ்ச்சி. ஒரே ஒரு கேள்வி. நான் பீன்ஸ் பாத்தியில் இறங்கினேன் பாருங்கள், அந்த இடத்தில் உங்களுக்கு என் மேல் எரிச்சல் வந்ததல்லவா? ‘முட்டாளே, இந்த இடத்துக்கு இது சரிப்படாது, வேறு லென்ஸ் போடவேண்டும்’ என்று மனத்துக்குள் சொன்னீர்களே, எந்த லென்ஸ் அது?